பனிக்கோட்டை போதும், ராயக்கோட்டையைக் கட்டட்டும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்), அனிமேஷன் துறைகளை நடத்தும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நானும் இந்தப் பக்கத்து ஆள்தான். பெங்களூரில் ஒரு கேம் ஸ்டுடியோவில் என்விரான்மென்ட் ஆர்டிஸ்ட். கேமில் ஆட்களையும் வண்டிகளையும் விட்டுவிட்டால் மிச்சமிருக்கும் தரை, பாறை, சுவர், மரம் எல்லாம் எங்கள் தலையில்தான். வேலை கேட்டு வருகிறவர்கள் தாங்கள் செய்ததைத் தொகுத்து அனுப்பும் போர்ட்ஃபோலியோக்களையும் பார்ப்பேன். நம்ம ஊர்ப் பிள்ளை அனுப்பியது என்றால் ஆசையாகத் திறப்பேன். உள்ளே பனி மூடிய ஐரோப்பியக் கோட்டை, நியான் தெரு, இல்லையென்றால் ஒரு மரப்பீப்பாய். அதே டுடோரியலைப் பார்த்துச் செய்த அதே பீப்பாய் டெல்லியிலிருந்தும் வந்திருக்கும்.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு செமஸ்டர் போட்டோஷாப், ஒரு செமஸ்டர் மாயா என்ற முப்பரிமாண மென்பொருள், கடைசியில் செய்ததையெல்லாம் தொகுத்த வீடியோவாக ஒரு ஷோரீல் என்று முடிகிறது படிப்பு. செய்த இடத்தை கேம் இன்ஜினுக்குள், அதாவது கேமை ஓட்டும் மென்பொருளுக்குள், போட்டு நடந்து பார்க்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. கணினி ஒரே கோணத்தில் வரைந்து தரும் ரெண்டர் படத்தில் பின்பக்கமே இல்லாத சுவர் தப்பித்துவிடும். விளையாடுகிறவர் சுற்றி வந்து பார்ப்பார், அங்கே தப்பாது.

நான் கேட்பது ஒன்றுதான். கடைசி வருட ப்ராஜெக்ட்டாக நம் மாவட்டத்து இடம் ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள், அது இன்ஜினில் ஓட வேண்டும்.

1791-இல் ஆங்கிலேயர் திப்புவின் படையிடமிருந்து பிடித்த ராயக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். மதில் முழுவதையும் யாரும் தனித்தனியாக மாடல் செய்ய மாட்டார்கள். நேர்ச்சுவர், மூலை, படி, இடிந்த பகுதி என்று நாலைந்து துண்டு செய்து, திருப்பித் திருப்பி அடுக்கிக் கோட்டையாக்குவோம். எதை எங்கே வெட்டுவது என்று முடிவு செய்வதுதான் கஷ்டம், அதை நேரில் நின்று பார்த்தால்தான் பழக முடியும். முதல் வருடத்துக்கு மல்லசந்திரத்துக் கல்திட்டைகள் போதும். சில பலகைக் கற்கள்தான், ஆனால் உள்ளே வெளிச்சம் எப்படி விழுகிறது என்று காட்டுவதற்குள் வேர்த்துவிடும்.

அப்புறம் நம்ம கிரானைட். குவாரியிலிருந்து வந்து சாலையோரம் கிடக்கும் ஒரு கழிவுக்கல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். துளை போட்டுப் பிளந்த பக்கத்தில் பாதிக் குழாய் மாதிரி வரிசையாகத் தடம் இருக்கும். புதிதாக உடைந்த முகம் வெளுத்திருக்கும், மழைநீர் வழிந்த முகத்தில் கருப்புக் கோடு இறங்கியிருக்கும். பாலிஷ் போட்ட கல்லும் இதுவும் ஒரே நிறமாக இருந்தாலும் வெளிச்சம் பட்டால் வேறு வேறு. எங்கள் தொழிலில் ரஃப்னஸ் மேப் என்பது இந்த வித்தியாசத்தைத்தான் சொல்கிறது. கல்லைச் சுற்றி வந்து போனிலேயே படமெடுத்து முப்பரிமாணமாக்கலாம். மேகமூட்டமான நாளில் எடுக்க வேண்டும், வெயிலில் எடுத்தால் நிழலும் கல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். ஈரமாக மின்னும் பாறை இந்த முறைக்குச் சரிப்படாது. ஒகேனக்கல் அருவியோரப் பாறையைக் கையால்தான் செய்ய வேண்டும். அதைச் செய்து அனுப்பும் பிள்ளையை நான் கூப்பிட்டுப் பேசுவேன்.

செலவு? மாடல் செய்யும் பிளெண்டர் மென்பொருள் இலவசம். கோடோட் என்ற கேம் இன்ஜினும் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். அன்ரியல் என்ற இன்னொரு இன்ஜினைக் கற்றுக்கொள்ளவும் காசு கேட்பதில்லை, ஆனால் அதற்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். அடுத்த முறை லேபுக்கு வாங்கும்போது எண்ணிக்கையைப் பாதியாக்கி, கார்டு உள்ள கணினிகளாக வாங்குங்கள், பிள்ளைகள் முறை வைத்து உட்காரட்டும்.

ஒரு விஷயம், அட்மிஷன் நோட்டீஸில் மட்டும் ‘கேம் துறையில் உடனடி வேலை’ என்று போட்டுவிடாதீர்கள். புதியவர்களுக்கு இடம் குறைவு, அதுவும் பெங்களூர், ஹைதராபாத், புனே என்று வெளியூரில்தான். ‘கேம் விளையாடவா காலேஜுக்கு அனுப்பினோம்’ என்று கேட்கும் பெற்றோரிடமும் இதை மறைக்காமல் சொல்லிவிடலாம்.

ப்ராஜெக்ட்டை மதிப்பிட வெளியாள் வேண்டுமென்றால் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன். பஸ் காசு கூட வேண்டாம்.

இப்படிக்கு,
பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு கிருஷ்ணகிரிக்காரன்