முழங்கால் மாற்ற ரெண்டு யூனிட் ரத்தம் கட்டாயமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வருஷம் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும், "ரெண்டு யூனிட் ரத்தத்துக்கு ஆள் ஏற்பாடு பண்ணிக்குங்க" என்றார்கள். அத்தை மகன், பக்கத்து வீட்டுத் தம்பி, என் ஆபீஸில் இரண்டு பேர் என்று நாங்கள் ஆள் தேடி அலைந்தோமே தவிர, அம்மாவின் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 9.4 என்று இருந்ததை அந்த மருத்துவமனையில் யாரும் கண்டுகொள்ளவே இல்லை. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான்.

எதற்கும் இன்னொரு டாக்டரிடம் காட்டுவோம் என்று போனோம். அவர் முதலில் அந்த 9.4-ஐப் பேனாவால் வட்டம் போட்டார். "இது அவசர ஆபரேஷன் இல்லையேம்மா, இத்தனை வருஷம் வலியோட இருந்தாச்சு, இன்னும் ஆறு வாரம் பொறுங்க, முதல்ல இதைச் சரி பண்ணுவோம்" என்றார். இரும்புச்சத்துக் குறைவு என்று தெரிந்து, டிரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள். ஆறு வாரத்தில் 12.1 வந்துவிட்டது.

ஆபரேஷன் அன்று டிரானெக்ஸாமிக் அமிலம் ஊசி போட்டார்கள். உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் பிடித்து வைக்கிற மருந்து அது. 1960-களில் ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ என்ற பெண் மருத்துவரும் அவர் கணவரும் கண்டுபிடித்தது, மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகிற பெண்களுக்கு மாத்திரையாகக் கொடுப்பதும் இதையேதான், விலையும் அதிகமில்லை. இரண்டாம் நாள் பார்த்தபோது ஹீமோகுளோபின் 10.3. ஒரு சொட்டு ரத்தம்கூட ஏற்றவில்லை, அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை தானே நடந்து போனார்.

எல்லோருக்கும் இப்படியே அமையும் என்று சொல்ல மாட்டேன். இதய நோய் உள்ளவர்கள், ஏற்கெனவே மாற்றிய மூட்டையே திரும்ப மாற்றுகிறவர்கள், இவர்களுக்கு ரத்தம் தேவைப்படலாம், ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு இந்த ஊசியையும் டாக்டர் யோசித்துத்தான் போடுவார். ஆனால் நேரம் இருக்கும்போது ரத்தசோகையைச் சரிசெய்யாமல், அடுத்தவர் ரத்தத்தை நம்பி ஆபரேஷனுக்குப் போவது சரியில்லை.

நாங்கள் சேர்த்து வைத்திருந்த நான்கு பேரும் பிறகு ரத்த வங்கிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். பிறவியிலேயே வரும் தலசீமியா என்ற ரத்த நோய் தீவிரமாக உள்ள குழந்தைகளுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், அவர்களால் அதைத் தள்ளிப்போட முடியாது.

முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் எத்தனையோ பேர் மூட்டு மாற்றிக்கொள்கிறார்கள். நாள் குறிக்கும்போதே ஹீமோகுளோபினைப் பார்த்து, குறைவாக இருந்தால் சரிசெய்த பிறகே ஆபரேஷன் என்று சுகாதாரத் துறை ஓர் உத்தரவு போட வேண்டும். அதுவரை, வீட்டில் யாருக்காவது தேதி வாங்கியிருந்தால் இன்றைக்கே அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி