பென்ஷன் வழக்கில் கூட நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரருக்கு டிஸபிலிட்டி பென்ஷன், அதாவது பட்டாளத்து வேலையால் வந்த இயலாமைக்குத் தரும் பென்ஷன், ஆணை வந்துவிட்டது. வந்த அன்றே உங்களுக்கெல்லாம் போன் செய்து சொன்னேன். ஆனால் போனில் "சரிம்மா, சந்தோஷம், அவரை மாத்திரை விடாமச் சாப்பிடச் சொல்லு" என்று பேச்சை முடித்துவிடுகிறீர்கள். நன்றி சொல்லவே விடுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அவர் படித்துப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகுதான் வெளியிடுகிறேன். பெயர் எதுவும் வேண்டாம் என்றார், சரி என்றேன். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் போவது புதிதல்ல, மாமனாரும் போனவர்தான். இவர் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் சேர்ந்து வெலிங்டனில் டிரெயினிங் முடித்தார். வடக்கே பனிமலைப் போஸ்ட்டில் இருந்தபோது மாமனார் தவறிவிட்டார். வழியெல்லாம் பனி மூடிக் கிடந்தது, காரியத்துக்குக்கூட இவரால் வர முடியவில்லை. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் மலையிலிருந்து இறங்கியவருக்குத் தூக்கம் போயிருந்தது, பேச்சு நின்றிருந்தது. மனநல வார்டில் சேர்த்தார்கள். கடுமையான மனச்சோர்வு நோய் என்று எழுதி, பத்து வருட சர்வீஸ் முடியும் முன்பே போர்டு அவுட் செய்துவிட்டார்கள், அதாவது மருத்துவக் குழு பார்த்து வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இயலாமை 40 சதவீதம் என்று மதிப்பிட்டதும் அதே மருத்துவக் குழுதான். ஆனால் நோய்க்கும் பணிக்கும் சம்பந்தமில்லை, அவர் உடல்வாகிலேயே இருந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதனால் பென்ஷன் கிடையாது. பென்ஷன் இல்லாதவருக்கு முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டையும் கிடையாது. முதல் மேல்முறையீட்டுக்கும் இரண்டாவதற்கும் அதே வரியே பதிலாக வந்தது.

பணக் கஷ்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். உடல்வாகிலேயே இருந்த நோய் என்று காகிதத்தில் எழுதினால் ஊர் அதை "பரம்பரை வியாதி" என்றுதான் படிக்கும். கொழுந்தனாருக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில் நேராகவே கேட்டார்கள். எங்களுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். அதற்குப் பிறகு இவர் கல்யாணம் காட்சி எதற்கும் வரமாட்டேன் என்று விட்டார். சம்பளம் நின்றதைவிட இதுதான் எங்களை அரித்தது. அந்த வரியை நீங்கள் எல்லோரும் சேர்ந்து அடித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

முதலில் சுபேதார் சாப். பக்கத்து ஊர்க்காரர், இவருக்கு முந்திய தலைமுறை, அதே ரெஜிமெண்ட். எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு, டிஸ்சார்ஜ் புத்தகத்திலிருந்து மருத்துவக் குழு அறிக்கை வரை விரலால் தடவித் தடவிப் படித்தார். காபி ஆறிப் போனது. கடைசியில் நிமிர்ந்து, "பத்தாம் நம்பர் பாரம் எங்கே?" என்றார். மனநலக் கேஸ் என்றால் கமாண்டிங் ஆபீசர் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-10 என்று ஒரு பாரம் நிரப்பித் தரவேண்டுமாம். ஆள் யூனிட்டில் எப்படி இருந்தார், எப்போது மாறினார் என்பதெல்லாம் அதில் இருக்குமாம். எங்களிடம் இருந்த காகிதக் கட்டில் அது இல்லை. அதைக் கேட்டு வாங்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதச் சொல்லிக் கொடுத்தவர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இருக்கும் அந்த அக்கா. நான் எழுதிய முதல் மனுவில் அழுகைதான் இருந்தது. "கண்ணு, இதுல நம்பர், தேதி, என்ன பேப்பர் வேணும், அது மட்டும் போதும்" என்று அரைப் பக்கமாக்கித் தந்தார். பாரம் வந்தது. இதற்கு முன் ஒழுங்கான சிப்பாய், யாரோடும் சண்டை சச்சரவு இல்லை, உயரப் போஸ்ட்டில் இருந்தபோதுதான் மாற்றம் தெரிந்தது என்று கமாண்டிங் ஆபீசர் கைப்பட எழுதியிருந்தார். அவர் யாரென்றுகூட எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் நன்றி.

அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் சென்னை வக்கீலம்மா "கேஸ் நிற்கும்" என்றார். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளையில் மனு போட்டார். 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எனக்குப் புரியும்படி சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். ஆள் எடுக்கும்போது நோய் என்று எந்தக் குறிப்பும் இல்லாமல் சேர்த்துக்கொண்டு, பிறகு நோயால் வெளியே அனுப்பினால், அது பணியால் வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. இந்தப் பென்ஷனுக்கான 1982-ஆம் வருட விதிகளின் இணைப்பிலேயே மனநோய்கள் பணி அழுத்தத்தால் பாதிக்கப்படும் நோய்களின் பட்டியலில் இருக்கின்றன. எதிர்த்தரப்பு சும்மா இல்லை. 2019-இல் வந்த நர்சிங் யாதவ் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி, மனநோயை ஆள் எடுக்கும்போதே கண்டுபிடித்துவிட முடியாது என்றார்கள். அது ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோய் வழக்கு, இது வேறு என்று சொல்லி, அந்தப் பத்தாம் நம்பர் பாரத்தை எடுத்து நீட்டினார் வக்கீலம்மா. அமர்வில் இருவர், ஒருவர் நீதிபதி, மற்றவர் ஓய்வுபெற்ற படை அதிகாரி. பனிமலைப் போஸ்ட் என்றால் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. தீர்ப்பு சொன்னவர்களுக்கு நன்றி சொல்லும் வழக்கமில்லையாம், அதனால் அவர்களை விட்டுவிடுகிறேன்.

40 சதவீதத்தை 50 ஆக உயர்த்தி ஆயுள் முழுவதும் தரச் சொல்லியிருக்கிறார்கள். நிலுவை மட்டும் மனு போட்டதற்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான். 2008-இல் வந்த தர்செம் சிங் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி அப்படித்தானாம். எங்களைப் போல மறுப்புக் கடிதத்தைப் பீரோவில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள், தள்ளிப்போடப் போட நிலுவைதான் குறையும். 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் புது விதிகள், அவர்கள் தனியாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அட்டை இல்லாத அத்தனை காலமும் மாத்திரை கொடுத்துக் காப்பாற்றியது அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு. டாக்டர் ஐயா ஒவ்வொரு முறையும் சீட்டில் நாலு வரி சேர்த்து எழுதுவார். அது எதற்கென்று அப்போது புரியவில்லை, வழக்கில் அத்தனையும் உதவியது. அங்கே இருக்கும் நர்ஸம்மா இவரை "மிலிட்டரி" என்றுதான் கூப்பிடுவார். அந்த ஒரு கூப்பிடலுக்காகவே இவர் மாதாமாதம் கிளம்பிவிடுவார்.

இவரோடு அதே போஸ்ட்டில் இருந்த இரண்டு பேர், ஒருவர் திருநெல்வேலி, ஒருவர் பாலக்காடு, பிரமாணப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினீர்கள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் எங்கள் லைன் சூப்பர்வைசர் அக்கா, வாய்தா நாளெல்லாம் என் மெஷினில் ஆளை மாற்றி உட்கார வைத்தீர்கள். என் அம்மாவுக்கு நன்றி சொன்னால் திட்டு விழும்.

வக்கீலம்மா வாங்கிய பீஸ் எவ்வளவு என்று இங்கே எழுதக் கூடாதாம். "எழுதினா நாளைக்கே என் வீட்டு வாசல்ல கியூ நிக்கும்" என்றார்.

சுபேதார் சாப் நன்றியை வாங்கிக்கொள்ளவில்லை. தீர்ப்பு, பத்தாம் நம்பர் பாரம், தகவல் மனு எல்லாவற்றையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொன்னார். பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு வீட்டில் இதே கதையாம். போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரே பைக்கில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

நன்றியுடன்,
ஒரு முன்னாள் லான்ஸ் நாயக்கின் மனைவி,
குடியாத்தம் வட்டம்