காரணம் தெரிந்தும் வாய் திறக்காத மதர்போர்டுகள்

மதர்போர்டு தயாரிக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம்.

கணினிப் பாகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கி, தானே அசெம்பிள் செய்த ஒருவர் முதல் முறையாக பவர் பட்டனை அழுத்துகிறார். ஃபேன்கள் சுற்றுகின்றன, விளக்குகள் எரிகின்றன, மானிட்டரில் மட்டும் ஒன்றும் வரவில்லை. எங்கே கோளாறு என்று அவருக்குத் தெரியாது. பெரும்பாலான நேரங்களில், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் உங்கள் போர்டுக்குத் தெரியும். அதுதான் என் வருத்தம்.

பவர் வந்ததும், போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் வேலையைத் தொடங்கி, சிபியு எனப்படும் செயலி, ரேம், கிராபிக்ஸ், வட்டு என்று ஒவ்வொன்றாகத் தயார் செய்துகொண்டே போகிறது. எந்த இடத்தில் நின்றுபோனது என்பதற்கு அதனிடம் ஒரு குறியீட்டு எண் இருக்கிறது. 1981-ல் வந்த ஐபிஎம் பிசி கூட எல்லாம் சரியென்றால் ஒரு பீப், கோளாறு என்றால் வேறு மாதிரி பீப் என்று சத்தம் கொடுத்தது. இன்று ஸ்பீக்கரை மாட்டுவதற்கான ஊசிகள் பல போர்டுகளில் இருக்கின்றன, ஸ்பீக்கர்தான் பெட்டியில் வருவதில்லை. அந்த எண்ணைக் காட்டும் இரண்டு இலக்கக் குட்டித் திரையையோ விலை கூடிய போர்டுகளுக்கென்று ஒதுக்கிவிட்டீர்கள். முதல் தடவை அசெம்பிள் செய்பவர் அதையா வாங்கப் போகிறார்? வண்ண வண்ணமாக மின்னும் அலங்கார விளக்குகளுக்கு மட்டும் எப்படியோ காசு கட்டுப்படியாகிறது.

செயலி, ரேம், கிராபிக்ஸ், பூட் (வட்டிலிருந்து தொடங்குவது) என்று நான்கு சின்ன விளக்குகளைச் சில போர்டுகளில் வைக்கிறீர்கள். நல்ல ஏற்பாடு. ரேம் விளக்கு எரிந்தபடி நின்றால், ஒரே ஒரு ரேமை மட்டும் செயலியிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் அழுத்தி மாட்டிப் பார்ப்போம், பல சமயம் அதோடு சரியாகிவிடும். செயலி விளக்கு எரிந்தால், செயலிக்கு மின்சாரம் தரும் 8 பின் பவர் கேபிளை மாட்டினோமா என்று பார்ப்போம். போர்டுக்கான 24 பின் கேபிளை மட்டும் செருகிவிட்டு இதை மறந்தாலும் ஃபேன் சுற்றும், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். ஆனால் இந்த விளக்குகள் கேபிள்களுக்கு அடியில் ஒளிந்துகொண்டு, படிக்க முடியாத எழுத்தில் பெயர் தாங்கியிருந்தால் என்ன பயன்?

எனக்கு அதிகம் கோபம் வருவது டிடிஆர்5 என்ற புதுத் தலைமுறை ரேம் விஷயத்தில்தான். புது ரேமை மாட்டி முதல் தடவை இயக்கும்போது, போர்டு அந்த ரேமோடு ஒத்துப்போகும் நேர அளவுகளைத் தேடிச் சரிசெய்கிறது. மெமரி டிரெயினிங் என்கிறீர்கள். அதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம், ரேம் அதிகமாக இருந்தால் இன்னும் கூடும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். கணினி செத்துவிட்டது என்று நினைப்பவர் பவரை அணைத்துவிட்டு மறுபடி போடுகிறார், டிரெயினிங் மறுபடி முதலிலிருந்து. அப்புறம் ரேமைக் கழற்றுகிறார், கூலரைக் கழற்றுகிறார், செயலியையும் தூக்கிப் பார்க்கிறார். எந்தக் கோளாறும் இல்லாமல் இருந்த கணினியில், சாக்கெட் ஊசி ஒன்று வளைந்து நிஜமாகவே கோளாறு வந்து சேர்கிறது. பழுது என்று அந்தப் போர்டு உங்களிடமே திரும்பி வரும்போது செலவு உங்களுக்கும்தானே?

இன்னொன்று, பழைய பயாஸ். கடையில் பல மாதங்கள் கிடந்த போர்டுக்கு, அதற்குப் பிறகு வந்த செயலியை அடையாளம் தெரியாது. பயாஸைப் புதுப்பிக்கலாம், ஆனால் அதற்குக் கணினி ஓட வேண்டும். 2018-ல் ஏஎம்டி நிறுவனத்தின் புது ரைசன் செயலிகள் வந்தபோது இதே சிக்கல் எழுந்து, பயாஸைப் புதுப்பிப்பதற்கென்றே அந்த நிறுவனம் பழைய செயலியைக் கடனாக அனுப்பிவைத்தது. செயலியே இல்லாமல் பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் பட்டன் உங்கள் போர்டுகள் சிலவற்றில் ஏற்கெனவே இருக்கிறது. அதை எல்லாவற்றிலும் வையுங்கள்.

மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டை விட்டுப் போர்டில் செருகிவிட்டுத் திரை வரவில்லை என்பவர்களும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அது எங்கள் பக்கத்துக் கோளாறு. அதற்கும் போர்டில் கேபிள் செருகும் அந்த இடத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி போதும்.

நான்கு விளக்குகளும் பயாஸ் பட்டனும் வர அடுத்த வடிவமைப்பு வரை ஆகலாம், சரி. ஆனால் ‘முதல் தடவை திரை வரப் பல நிமிடங்கள் ஆகலாம், பவரை அணைக்காதீர்கள்’ என்று ரேம் ஸ்லாட்டின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட எந்த வடிவமைப்பும் மாற வேண்டாம். இப்போது தொழிற்சாலையிலிருந்து கிளம்பும் பெட்டிகளிலேயே அதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
சொந்தமாக அசெம்பிள் செய்பவர்களில் ஒருவன்