லார்கினை எந்தத் தொகுப்பில் படிப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆங்கிலக் கவிஞர் பிலிப் லார்கின் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆங்கிலக் கவிதை என்றால் நம் இலக்கியப் பக்கங்கள் பெரும்பாலும் எலியட்டோடு நின்றுவிடுகின்றன. அவரைத் தாண்டிப் போய் ஹல் நகரத்து நூலகரான லார்கினையும் எட்டிப் பார்த்ததற்கு நன்றி. கட்டுரையாளர் போகிற போக்கில் சொன்ன ஒரு யோசனை மட்டும் எனக்கு ஒப்பவில்லை. ஆந்தனி த்வெய்ட் பதிப்பித்த 1988ஆம் ஆண்டுக் கவிதைத் தொகுப்பை வாங்காதீர்கள், அது கவிஞரின் விருப்பத்துக்கு மாறானது என்கிறார். விருப்பத்துக்கு மாறானது, சரி. அதற்காக வாங்க வேண்டாம் என்பதுதான் இடிக்கிறது.

லார்கின் உயிரோடு இருந்தபோது வந்த முக்கியமான கவிதை நூல்கள் நான்கு. முதல் நூலான 'நார்த் ஷிப்' 1945இல் வந்தது. ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் மேல் பித்துப் பிடித்த இளைஞனின் புத்தகம் அது. 1966இல் மறுபதிப்பு வந்தபோது அதன் முன்னுரையில் அவரே தன்னைக் கிண்டல் செய்துகொண்டார். அப்புறம் 'லெஸ் டிசீவ்ட்' (1955), 'விட்சன் வெட்டிங்ஸ்' (1964), 'ஹை விண்டோஸ்' (1974). இந்த மூன்றிலும் சேர்த்தே மொத்தம் 85 கவிதைகள்தான். பத்து வருடத்துக்கு ஒரு மெல்லிய புத்தகம். பகலெல்லாம் பல்கலைக்கழக நூலகம், புதுக் கட்டடம், பட்ஜெட், ஆள் பற்றாக்குறை. கவிதைக்கு மிச்சம் இருந்தது மாலை நேரம்தான். நானும் ஒரு கல்லூரி நூலகத்தில் காலம் தள்ளியவன் என்பதால் இந்தக் கணக்கு எனக்கு நன்றாகவே புரிகிறது.

1985 டிசம்பரில் அவர் இறந்தார். மூன்று ஆண்டு கழித்து நண்பர் த்வெய்ட் தொகுப்பைக் கொண்டுவந்தார். நூல்களின் வரிசையைக் கலைத்து, கவிதைகளை எழுதி முடித்த காலப்படி அடுக்கினார். நோட்டுப் புத்தகங்களில் கிடந்தவற்றையும், முடிக்காமல் விட்டவற்றையும் சேர்த்தார். இளம்பருவக் கவிதைகளைக் கடைசியில் தனிப் பகுதியாக வைத்தார். ஒவ்வொரு கவிதையின் அடியிலும் முடித்த தேதியைப் போட்டார்.

விமர்சகர்கள் பலருக்குக் கோபம். அதில் நியாயமும் இருக்கிறது. கவிதைகளை எந்த வரிசையில் வைப்பது என்பதில் லார்கின் ரொம்ப கவனமாக இருந்தவர். வேடிக்கையானது, கனமானது, சிறியது, பெரியது என்று மாற்றி மாற்றி, பாட்டும் வேடிக்கையும் கலந்த பழைய மியூசிக் ஹால் மேடை நிகழ்ச்சிபோல அமைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நம் ஊர்க் கச்சேரியில் வர்ணத்தை நடுவில் தூக்கிப் போட்டால் எப்படி இருக்கும்? 'ஹை விண்டோஸ்' நூல் 'தி எக்ஸ்ப்ளோஷன்' கவிதையோடு முடிகிறது. சுரங்க விபத்தில் இறந்தவர்களை மனைவிமார் ஒரு கணம் ஒளியில் காண்கிறார்கள். காலையில் ஒருவன் கண்டெடுத்த, உடையாத முட்டைகளோடு கவிதை நிற்கிறது. ஒரு புத்தகத்தை அப்படி முடிப்பதற்குத் துணிச்சல் வேண்டும். த்வெய்ட்டின் தொகுப்பில் அது 1970 ஜனவரியில் எழுதிய இன்னொரு கவிதை, அவ்வளவுதான். அந்த நஷ்டத்தை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தத் தேதிகள் தருவதும் கொஞ்சம் இல்லை. 1948 ஏப்ரல் 4 என்று தேதியிட்ட பன்னிரண்டு வரிக் கவிதை ஒன்று இருக்கிறது. அவருடைய தந்தை இறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை, பிளம் மரப் பூக்களின் மேல் பனி விழுகிறது. மகன் ஒரு அலமாரியிலிருந்து இன்னொன்றுக்கு ஜாம் பாட்டில்களை மாற்றி வைக்கிறான். அதே மரத்துப் பழங்களில் அப்பா செய்த ஜாம், நூறு பவுண்டுக்கும் மேல். வரப்போகும் கோடையின் தேநீர் வேளைகளுக்குத் தாராளமாகப் போதும். சாப்பிட அவர் இல்லை. அழுகை, அரற்றல் எதுவும் கிடையாது. பாட்டில் கண்ணாடிக்குப் பின்னால் அப்பாவின் கடைசிக் கோடைக்காலம் இருக்கிறது, இனிப்பாக, அர்த்தமில்லாமல். லார்கின் இதைத் தன் எந்தப் புத்தகத்திலும் சேர்க்கவில்லை. கவிஞரின் விருப்பத்தை அப்படியே மதித்திருந்தால் நமக்கு இது கிடைத்தே இருக்காது.

'ஆபாட்' இன்னொன்று. விடிவதற்கு முன் நான்கு மணிக்கு விழித்துக்கொண்டு, சாவை நினைத்துக் கிடப்பவனின் கவிதை. மதம் தரும் ஆறுதல், தத்துவம் தரும் ஆறுதல் எல்லாவற்றையும் ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்து, எதுவும் உதவாது என்று ஒதுக்கிவிட்டு, கடைசியில் தபால்காரர்கள் டாக்டர்களைப் போல வீடு வீடாகப் போவதில் வந்து நிற்கிறது. 1974இல் தொடங்கியதை 1977 நவம்பர் 29இல் முடித்தார். அதே மாதம் 17ஆம் தேதி அவருடைய தாய் காலமாகியிருந்தார். வருடக்கணக்காக நகராமல் கிடந்த கவிதை பன்னிரண்டு நாளில் முடிந்துவிட்டது. எந்த விமர்சனமும் படிக்காமல், பக்கத்தின் அடியில் இருக்கும் தேதியே இந்தத் திசையில் யோசிக்க வைக்கிறது. அதற்குப் பிறகு வரும் பக்கங்களைப் பாருங்கள். புல்வெட்டும் இயந்திரத்தில் சிக்கிச் செத்த முள்ளெலி பற்றி 1979இல் ஒன்று, பிறந்தநாள் வாழ்த்து மாதிரி சில. மற்றபடி காய்ந்துபோன ஏரி. தனித்தனிப் புத்தகங்களில் படிப்பவருக்கு இந்த வறட்சி தெரியவே தெரியாது. 1974இல் கம்பீரமாக நிறுத்திக்கொண்டார் என்றுதான் தோன்றும்.

சில இடங்களில் காலண்டரும் கவிஞரும் ஒத்துப்போகிறார்கள் என்பது ஒரு வேடிக்கை. 'விட்சன் வெட்டிங்ஸ்' நெடுங்கவிதையை 1958 அக்டோபர் 18இல் முடிக்கிறார். ஹல்லிலிருந்து லண்டன் போகும் ரயில், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஏறும் புதுமணத் தம்பதிகள். எட்டுப் பத்திகள், பத்திக்குப் பத்து வரி. ஒவ்வொன்றிலும் இரண்டாம் வரி மட்டும் சட்டென்று குறுகும். வரி இறுதியில் இயைபு கச்சிதமாக விழும், ஆனால் படிக்கும்போது பக்கத்து இருக்கைக்காரர் பேசுவது போலத்தான் இருக்கும். இந்த எளிமையை எட்டுவதற்குத்தான் அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, கல்யாணம் செய்துகொண்டு மாட்டிக்கொண்ட ஆர்னால்டு என்பவனைக் கேலி செய்து 'செல்ஃப்'ஸ் தி மேன்' எழுதுகிறார். தன் புத்தகத்திலும் இரண்டையும் அடுத்தடுத்துதான் வைத்தார் குறும்பர்.

2003இல் த்வெய்ட்டே விட்டுக்கொடுத்து, நூல்களின் வரிசைப்படி இன்னொரு பதிப்பு கொண்டுவந்தார். மரியாதையான பதிப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. 2012இல் ஆர்ச்சி பர்னெட்டின் முழுத் தொகுப்பு வந்தது. குறிப்புகளோடு எழுநூறு பக்கத்துக்கு மேல். ஆய்வாளருக்கு அதுதான் சரி. படுத்துக்கொண்டு படிக்க முடியாது.

கட்டுரை தொடாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. அதே த்வெய்ட் 1992இல் லார்கினின் கடிதங்களை வெளியிட்டார். மறு ஆண்டு ஆண்ட்ரூ மோஷன் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்தது. கறுப்பினத்தவர் பற்றியும் குடியேறிகள் பற்றியும் அவற்றில் இருக்கும் பேச்சு கேவலமானது. என் நிறத்துக்காரன் ஒருவன் அந்த ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தால் நண்பருக்கு என்ன எழுதியிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. 'அந்தக் காலத்து மனிதர்' என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. அதைத் தெரிந்துகொண்டேதான் படிக்கிறேன். ஜாம் பாட்டில் கவிதையை எழுதியவரும் அவரேதான். இதை வாசகர்களிடம் மறைத்து அறிமுகம் செய்வது லார்கினுக்கும் நல்லதில்லை.

கடைசியாக ஒரு சின்னக் குறை, இது கட்டுரையாளர் மேல் இல்லை, பக்கம் அமைத்தவர் மேல். சிசெஸ்டர் தேவாலயத்துக் கல்லறையில் கைகோத்துக் கிடக்கும் பிரபுவையும் அவர் மனைவியையும் பற்றிய 'ஆரண்டல் டூம்' கவிதையின் கடைசி வரியை மட்டும் எடுத்துக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். நம்மில் எஞ்சப்போவது அன்பே என்று அது தனியாக நிற்கும்போது வாழ்த்து அட்டை ஆகிவிடுகிறது. அந்தக் கவிதை முழுக்க அதற்கு எதிராகத்தான் போகிறது. அவர்கள் அப்படி நினைத்ததே இல்லை, காலம் அவர்களைப் பொய்யாக்கிவிட்டது என்று சொல்லிவிட்டு, அந்த நம்பிக்கை முழு உண்மையில்லை என்று முந்தைய வரியில் தயங்கிய பிறகுதான் அன்பு வருகிறது. சிலைகள் அறுநூறு வருடம் கைபிடித்துக் கிடப்பதால் அன்பு சாவைவிடப் பெரிதாகிவிடாது என்று கைப்பிரதியில் கிறுக்கியும் வைத்திருக்கிறார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் லார்கினுக்கு 2016இல் பதித்த நினைவுக்கல்லில்கூட அந்த இரண்டு வரிகளும் சேர்ந்தே இருக்கின்றன.

இடம் இருந்தால் அடுத்த இதழில் அந்தக் கவிதையை முழுதாக மொழிபெயர்த்துப் போடச் சொல்லுங்கள். அடியில் 20 பிப்ரவரி 1956 என்ற தேதியையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
கும்பகோணம்