கண்ணாடிச் சீட்டு வந்த வீடுகளுக்கும் வராத வீடுகளுக்கும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் நம் பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது. பார்வை குறைவாக இருந்த பிள்ளைகளிடம் ஒரு சீட்டு கொடுத்தனுப்பினோம். சில சீட்டுகள் கையெழுத்தோடு திரும்பி வந்தன. மற்றவை இன்னும் புத்தகப் பைக்குள்ளேயே கிடக்கின்றன. அதனால்தான் இந்தக் கடிதம். சீட்டு வராத வீட்டுக்காரர்களும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

முதலில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த புதிதில், வேறோர் ஊர்ப் பள்ளியில், ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கரும்பலகையைப் பார்க்கவே மாட்டான். பக்கத்தில் இருப்பவன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவான். காப்பியடிக்கிறான் என்று நினைத்து அவனைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தேன். அதன் பிறகு அவன் எழுதுவதையே விட்டுவிட்டான். அதற்கும் திட்டினேன். அரையாண்டு முடிந்து கண் முகாம் வந்தபோதுதான் தெரிந்தது, அவனுக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 4. அப்படியென்றால் கால் மீட்டருக்கு அப்பால், அதாவது ஒரு சாண் தூரத்தைத் தாண்டினால், எல்லாமே கலங்கல்தான். கண்ணாடி போட்ட அன்று அவன் என்னிடம் கேட்டான்: "எல்லாருக்கும் எப்பவும் இப்படித்தான் தெரியுமா சார்?"

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. பார்வை குறைந்த பிள்ளை உங்களிடம் வந்து சொல்லாது. உலகமே இப்படித்தான் மங்கலாக இருக்கும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். டிவிக்குப் பக்கத்தில் போய் உட்காருவது, கண்ணை இடுக்கிப் பார்ப்பது, தலையைச் சாய்த்துப் படிப்பது, சாயங்காலமானால் தலைவலி என்பது, பஸ் வந்து நின்ற பிறகுதான் போர்டைப் படிப்பது, இதெல்லாம் அடையாளம்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். சுவரில் தினசரி காலண்டரை மாட்டி, பிள்ளையை இருபது அடி தள்ளி நிறுத்துங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடச் சொல்லி, தேதிக்குக் கீழே பெரிதாக உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு அடுத்த கண். ஒரு கண்ணுக்குத் தெரிவது இன்னொன்றுக்குத் தெரியவில்லை என்றால் தாமதிக்க வேண்டாம். ஒரு கண் நன்றாக இருக்கும்போது இரண்டாவது கண்ணின் குறை வெளியே தெரியாது. மங்கலாகத் தெரிகிற கண்ணை மூளை மெல்லக் கைவிட்டுவிடும். இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். ஏழெட்டு வயதுக்குள் பிடித்துவிட்டால் கண்ணாடியாலும், நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடி வைப்பதாலும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். வயது ஏற ஏறக் கடினம். ஒன்றாம் வகுப்புப் பெற்றோர்களே, உங்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். மாறுகண் அதிர்ஷ்டம் என்று விட்டுவைப்பதும் இதே ஆபத்தில்தான் கொண்டுபோய் விடும்.

சீட்டை ஏன் பையிலேயே வைத்திருக்கிறீர்கள் என்று சில அம்மாக்களிடம் கேட்டேன். "போட்டா பவர் கூடிக்கிட்டே போகும் சார்" என்றார்கள். கண்ணாடியால் பவர் கூடுவதில்லை. பிள்ளை உயரம் கூடுவதுபோல அதன் கண்விழியும் வளர்கிறது. விழி ஒரே ஒரு மில்லிமீட்டர் அதிகமாக நீண்டால்கூட மைனஸ் பவர் ஏறக்குறைய இரண்டரை கூடிவிடும். கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் அது நடக்கும். போடாத பிள்ளைக்கு அத்தனை வருடப் படிப்பு மட்டும் போய்விடும். இன்னொரு காரணத்தைச் சிலர் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்: பொம்பளைப் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் என்று வரும்போது குறையாகப் பேசுவார்கள் என்று. உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்காக அந்தப் பிள்ளை பத்து வருடம் கரும்பலகை தெரியாமல் உட்கார்ந்திருப்பது நியாயமா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

சரி, எங்கே போவது? பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் கண் பிரிவு இருக்கிறது. திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை 1988 முதல் நடக்கிறது. நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போய்க் கம்ப்யூட்டரில் பார்த்து வாங்கிவிட வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் கண் தானாகவே இறுக்கிப் பிடித்துப் பார்க்கும். அதனால் கண்ணில் இல்லாத மைனஸை மெஷின் காட்டிவிடும். என் தங்கை மகனுக்கு ஒரு கடையில் அப்படித்தான் ஆயிற்று. மூன்று மாதம் தலைவலியோடு அலைந்தான். டாக்டர் சொட்டு மருந்து விட்டு, அந்த இறுக்கத்தைத் தளர்த்திப் பார்த்தால்தான் பிள்ளையின் சரியான பவர் தெரியும். மருந்து விட்ட பிறகு வெயில் கூசும், கிட்டத்தில் இருப்பது மங்கும். ஒரு நாளில் பெரும்பாலும் சரியாகிவிடும். பயப்பட வேண்டாம்.

அடுத்து ஃபிரேம். யூனிஃபார்ம் தைக்கும்போது வளர்கிற பிள்ளை என்று இரண்டு விரல் கூட விட்டுத் தைப்போம். கண்ணாடியில் அது கூடவே கூடாது. கண்மணி லென்ஸின் நடுவுக்கு நேராக இருக்க வேண்டும். பெரிய ஃபிரேம் மூக்கில் வழுக்கி இறங்கினால் பிள்ளை அதற்கு மேலாகத்தான் பார்க்கும், பிறகு கண்ணாடி எதற்கு? கடையிலேயே பிள்ளையைக் குனியச் சொல்லுங்கள், சிரிக்கச் சொல்லுங்கள். குனிந்தால் நழுவக் கூடாது, சிரித்தால் கன்னம் முட்டித் தூக்கக் கூடாது. லென்ஸ் பழைய கண்ணாடிச் சில்லாக இருக்க வேண்டாம். பந்து பட்டால் உடைந்து கண்ணில் ஏறும். பாலிகார்பனேட் என்று கேட்டு வாங்குங்கள். பெயர் பெற்ற கம்பெனி ஃபிரேம் தேவையே இல்லை, காசு இருந்தால் லென்ஸில் போடுங்கள். காசு இல்லையென்றாலும் கவலை வேண்டாம். கண்ணொளி காப்போம் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு இலவசமாகவே கண்ணாடி கொடுக்கிறது. நிறத்தை மட்டும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். தனக்குப் பிடித்ததைத்தான் அது தினமும் போடும்.

நம் ஊர் ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியும். கணவாய் வழியாக வந்து, மண்ணை வாரி இறைத்துவிட்டுப் போகிறது. அந்த மண் படிந்த லென்ஸைச் சட்டை நுனியாலோ முந்தானையாலோ துடைத்தால், உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். முதலில் தண்ணீரில் அலசி, விரலில் ஒரு சொட்டுச் சோப்பு நீர் எடுத்துத் தேய்த்து, திரும்ப அலசி, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். போர் தண்ணீரென்றால் உடனே ஒற்றுங்கள், காய்ந்தால் உப்புப் படியும். கழற்றும்போது இரண்டு கையாலும் கழற்றப் பழக்குங்கள். லென்ஸ் தரையில் படும்படி கவிழ்த்து வைக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் பைக்கில் மாட்டி வைத்தால் மேல்பூச்சு பொரிந்துவிடும்.

அதே காற்றில் தூசியோ நெல் சுணையோ கண்ணில் விழுந்தால், ஆச்சி நாக்கால் எடுத்துவிடுவார், தாய்ப்பாலோ இலைச்சாறோ விடுவார். அன்பினால் செய்வதுதான், ஆனால் கருவிழியில் கிருமி ஏறிப் புண்ணாகிப் பார்வையே போய்விடலாம். கசக்காமல், சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். அரை நாளில் உறுத்தல் போகவில்லையென்றால் ஆஸ்பத்திரிக்குத்தான்.

அப்புறம், பீடிச் சுளவோடு உட்காரும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. நாற்பது வயது தாண்டி, நூல் கட்டும்போது கையைத் தள்ளித் தள்ளிப் பிடிக்கிறீர்களா? அது வெள்ளெழுத்து. எல்லோருக்கும் வருவதுதான். கிட்டப் பார்க்கும் கண்ணாடி போட்டால் போதும், கழுத்துவலியும் தலைவலியும் குறையும். பிள்ளையைக் கூட்டிப்போகும் அன்றே உங்கள் கண்ணையும் காட்டிவிடுங்கள்.

முருங்கைக்கீரையும் பப்பாளியும் கொடுங்கள், மாலைக்கண் வராமல் காக்கும். ஆனால் கீரை சாப்பிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போனைக் குறைத்து, பிள்ளைகளை வெளிச்சத்தில் தினமும் இரண்டு மணி நேரமாவது விளையாட விடுங்கள். கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போட அது உதவும்.

வருகிற சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போக முக்கூடல் பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். கூட்டிப்போக ஆளில்லாத வீடுகள் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், உங்கள் பிள்ளையை நானே கூட்டிப்போகிறேன். சீட்டையும், வீட்டில் பழைய கண்ணாடி இருந்தால் அதையும் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்