அம்மா பெயரையும் விவசாயி என்று எழுதுங்கள்

தமிழ்நாடு வேளாண்மை – உழவர் நலத்துறைக்கு,

வணக்கம். காவிரிப் படுகையில் ஒரு சின்ன விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் நான். அப்பா இறந்த பிறகு எங்கள் ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலத்தை அம்மாதான் பார்க்கிறார். விதைநெல் ஊறவைப்பதில் தொடங்கி கொள்முதல் நிலையத்தில் மூட்டை இறக்குவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. சம்பா அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போதே வயலில் இறங்கி, காலில் ஈரம் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்த்து, உளுந்து தெளிக்கும் நாளைச் சொல்வார். அக்கம்பக்கத்து ஆண்களும் அவரைக் கேட்டுவிட்டுத்தான் தெளிப்பார்கள்.

ஆனால் பட்டா இன்னும் அப்பா பெயரிலும் சித்தப்பா பெயரிலும் கூட்டாக இருக்கிறது. அதை மாற்ற எல்லோரும் ஒருசேர ஊருக்கு வந்து கையெழுத்துப் போட நாள் அமையவே இல்லை. பயிர் மூழ்கிய ஒரு வருடம் நிவாரணத்துக்கு எழுதிக் கொடுக்கப் போன அம்மாவிடம், மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டது இதுதான்: "வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?" கடைசியில் பணம் வெளியூரில் வேலை பார்க்கும் சித்தப்பா கணக்குக்கு வந்தது. அவர் அதை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிட்டார். எல்லா வீட்டிலும் அப்படி நடக்குமா?

நீங்கள் பெண் விவசாயிகளுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. வேளாண் கருவிகள் வாங்கப் பெண்களுக்கு 50 சதவீத மானியம் இருக்கிறது. நிலமில்லாத ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்கள் நிலம் வாங்க 5 லட்சம் ரூபாய் வரை மானியம் தரும் நன்னிலம் திட்டமும் இருக்கிறது. நல்ல திட்டங்கள். ஆனால் கருவி மானியம் கேட்டுப் போனால் நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா கேட்கிறார்கள். வருடம் 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசானுக்கும் நிலம் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். இப்போது கொடுக்கும் விவசாயி அடையாள எண்ணும் நில ஆவணத்தைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. நட்டவள், களை பறித்தவள், கடன் வாங்கி உரம் போட்டவள் யார் என்று எந்தப் படிவத்திலும் கேள்வியே இல்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மகளுக்கும் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது. டில்லி அதைச் செய்ய 2005 ஆனது. ஆனால் எங்கள் ஊரில் பெண்ணுக்குக் கல்யாணமாகி நாலைந்து வருடத்தில், பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வீட்டுக்கு வந்துவிடும். "சீர்தான் செஞ்சாச்சே" என்பார்கள். பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற பயத்தில் அக்கா தங்கைகள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். என் இரண்டு அத்தைகளும் அப்படித்தான் போட்டார்கள். புகுந்த வீட்டு நிலமோ மாமனார் பெயரில், இல்லையென்றால் புருஷன் பெயரில் இருக்கும். இரண்டு பக்கமும் உழைத்தவளுக்கு ஒரு பக்கமும் காகிதம் இல்லை.

கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் இதற்கு ஒரு வழி சொன்னார். மாநிலங்களவையில் 2012-இல் அவர் கொண்டுவந்த பெண் விவசாயிகள் உரிமை மசோதா, நிலம் யார் பெயரில் இருந்தாலும் விவசாயம் செய்கிற பெண்ணுக்குக் கிராம சபை மூலமாகச் சான்றிதழ் தரச் சொன்னது. அது நிறைவேறாமலே காலாவதியானது. சுவாமிநாதனைப் போற்றுகிற அரசு, அந்தச் சான்றிதழை இங்கே முதலில் கொடுக்கலாம்.

நிலத்தையே பெண் பெயரில் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். 1968-இல் கீழ்வெண்மணியில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் கீழத்தஞ்சைக்கு வந்து தங்கினார். 1981-இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலக்காரர்களிடம் பேசி, வங்கிக் கடனுக்கு அலைந்து வாங்கிய நிலத்தைக் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம் நிலமற்ற தலித் பெண்கள் பெயரில் பதிந்தார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இப்படி நிலம் கிடைத்தது. காலமெல்லாம் கூலிக்கு நட்டவர்கள் சொந்த வயலில் நட்டார்கள். வரப்பில் நின்று அதட்ட இன்னொருவர் இல்லை. இதை ஒரு தனி அமைப்பு செய்து காட்டியது. அரசு நினைத்தால் எவ்வளவு செய்யலாம்!

இது தர்மக் கணக்கும் இல்லை. பண்ணைகளின் விளைச்சலிலும் வேளாண் கூலியிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இடைவெளி அடைபட்டால் உலகத்தில் 4.5 கோடிப் பேரின் உணவுக் கவலை தீரும் என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2023-இல் சொன்னது. 2026-ஐப் பெண் விவசாயிகளுக்கான ஆண்டாக ஐ.நா. அறிவித்தும் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. அடையாள எண் படிவத்தில் "சாகுபடி செய்பவர்" என்று ஒரு கட்டம் சேருங்கள். வருவாய்த்துறையோடு பேசி, எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதிவைக்கும் அடங்கலிலும் அந்தப் பெயர் ஏற வழி செய்யுங்கள். பட்டா இல்லாத பெண்ணுக்குக் கிராம சபை சான்று போதும் என்று மானியத்துக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் உத்தரவு போடுங்கள். அப்புறம், நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்து நடவாள் வேலை குறைந்துவிட்ட ஊர்களில், அந்த இயந்திரத்தை ஓட்டவும் வாடகைக்கு விடவும் மகளிர் குழுக்களுக்குப் பயிற்சியும் முதலும் கொடுங்கள். இதற்கு மட்டும் தாராளமாகச் செலவழியுங்கள்.

ஜனவரி 26 கிராம சபையில் ஊர் ஊராக இந்தப் பட்டியலைத் தொடங்கலாம். அது சம்பா அறுப்பு நேரம். ஆனால் உங்கள் அலுவலர் யாராவது வந்து பெயரைக் கேட்பார் என்றால், அரிவாளை வரப்பில் வைத்துவிட்டு ஆதார் அட்டையோடு அம்மா முதல் ஆளாக வந்து நிற்பார்.

அன்புடன்,
ஒரு விவசாயியின் மகள்