டிரிபிள்களைத் தைத்த கைகளுக்கும் எறிந்த கைகளுக்கும்

மதிப்பிற்குரிய ஜாக்குலின் கியூமேர் அம்மா அவர்களுக்கும், அன்று தானியப் பெட்டிக்குள் நின்ற தொழிலாளர்களுக்கும்,

'ஸ்டார் டிரெக்' என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில், டிரிபிள் எனும் ரோம உருண்டை உயிர்கள் வரும் 'தி டிரபிள் வித் டிரிபிள்ஸ்' பகுதி அமெரிக்காவில் 1967 டிசம்பர் 29 அன்று ஒளிபரப்பானது. கதை எழுதிய டேவிட் கெரால்டையும், கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரையும் எல்லோரும் பாராட்டிவிட்டார்கள். இந்த மடல் திரையில் முகம் காட்டாத உங்களுக்கு.

அம்மா, நானும் தையல்காரிதான். நீள முடி வைத்த செயற்கை ரோமத் துணியில் ஊசி ஓட்டுவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். முடி தையலுக்குள் மாட்டிக்கொள்ளும்; ஊசி முனையால் நெம்பி நெம்பி வெளியே எடுத்தால்தான் தையல் மறையும். கலைஞர் வா சாங் வடிவமைத்த அந்த டிரிபிள் உருண்டையை நுரை ரப்பர் அடைத்து 500 முறை தைத்தீர்கள். கூலி 350 டாலர். ஒன்றுக்கு 70 சென்ட்! கண் இல்லை, வாய் இல்லை, கால் இல்லை. ஆனாலும் கப்பல் அதிகாரி உஹுரா அதைக் கையில் வைத்துத் தடவும்போது உயிருள்ள குட்டி என்றே நான் நம்பினேன். நகர்ந்து போனவற்றுக்குள் பொம்மை நாயின் இயந்திரத்தையும், மூச்சு விட்டவற்றுக்குள் பலூனையும் வைத்தவர்களுக்கும் சேர்த்தே நன்றி.

அப்புறம், பெட்டிக்குள் நின்றவர்களே! கிர்க் தானியப் பெட்டியின் கதவைத் திறந்ததும் டிரிபிள்கள் மொத்தமாகக் கொட்டி அவரைச் சூழ்ந்து குவிகின்றன. போதுமான அளவு விழுந்ததா என்று உங்களுக்குத் தெரியவில்லை. அதனால் ஒவ்வொன்றாக எறிந்துகொண்டே இருந்தீர்கள். அவர் பேசப் பேசத் தலையில் ஒன்று, தோளில் ஒன்று. அந்தக் காட்சியை இத்தனை பேர் நினைவில் வைத்திருப்பதே அதனால்தான்.

1996இல், தொடரின் 30ஆம் ஆண்டையொட்டி, 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற பிந்தைய ஸ்டார் டிரெக் தொடரின் குழு அதே கதைக்குள் திரும்பிப் போனது. கிர்க்கின் பழைய விண்கப்பலான எண்டர்பிரைஸின் மாதிரியை கிரெக் ஜைன் புதிதாகச் செய்து கொடுத்தார்; அவருக்கும் ஒரு கும்பிடு. அதில் புதிய தொடரின் பாத்திரங்களான சிஸ்கோவும் டாக்ஸும் தானியப் பெட்டிக்குள் உட்கார்ந்து, எந்த டிரிபிளில் குண்டு இருக்கிறது என்று தேடுகிறார்கள். பார்த்து முடித்த டிரிபிளை வெளியே வீசுகிறார்கள். அது கிர்க்கின் தலையில் விழுகிறது.

29 ஆண்டுகளுக்கு முன் நீங்கள் எறிந்ததுதான் அது. பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அன்புடன்,
தையல் இயந்திரத்தின் முன்னிருந்து ஒரு ரசிகை